பல்லுக்குறுதி தருமா காப்புறுதி?

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றனர் நம் முன்னோர். மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவதைத் தூய்மையின் ஓர் அங்கமாக முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருகின்றனர். பல்லைக் காப்பதற்கு ஒரு குச்சியும் ஒழுங்கான பழக்கமும் போதும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. பிள்ளையின் கோணல் பல்லை நேராக்குவதற்குக் குடும்பமொன்று பல மாத வருமானத்தை ஒதுக்க வேண்டிய நிலை இன்று தோன்றியுள்ளது. அதனுடன் சேர்ந்து, இதற்கெனக் காப்புறுதி எடுப்பது பயன் தருமா என்ற கேள்வியும் எழுந்துள்ளது.

மக்கள் வழக்கில் பல்லுக்குக் கம்பி கட்டுதல் என்றும், கிளிப் போடுதல் என்றும் கூறப்படும் பற்சீராக்கல் சிகிச்சையையே இங்கு குறிப்பிடுகின்றோம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கு இக்கேள்வி இப்போது அந்நியமானதன்று. துறைமுக அதிகார சபை ஊழியர், சீனக்குடாவின் மாவு ஆலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் பணியாற்றுவோர், கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள ஆசிரியர்கள், நிலாவெளிச் சுற்றுலா விடுதிகளின் பணியாளர் எனப் பலரது வீடுகளிலும் எழக்கூடிய கேள்வியே இது. இலண்டனிலோ ஜேர்மனியிலோ வாழும் உறவினர் தொலைபேசியில் பேசும்போது, "பிள்ளையின் பல்லுக்கு இன்சூரன்ஸ் இல்லையா?" என்று இயல்பாகக் கேட்டுவிடுகின்றனர். இங்குள்ள பெற்றோருக்கோ அதற்கு என்ன பதில் கூறுவதென்று தெரிவதில்லை.

எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். பல்லுக்குக் கம்பி கட்டும் நோக்கத்துக்காக மட்டும் காப்புறுதியொன்றை வாங்குவது திருகோணமலையின் சராசரிக் குடும்பத்துக்குப் பயன் தரக்கூடியதன்று. அதற்குச் செலவிடப்படும் பணத்தைச் சேமிப்பதும், உரிய வயதில் அரச பற்சிகிச்சைச் சேவையை நாடுவதுமே அறிவுடைமை. ஆனால் பெற்றோருக்கு இந்த அறிவுரையைக் கூறுவதோடு எமது கடமை முடிந்துவிடாது. அந்த அரச சேவை இம்மாவட்டத்துப் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றதா என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.

காப்புறுதி என்ற ஏற்பாட்டைத் துறைமுக நகரொன்றில் வாழ்வோருக்கு விளக்குவது கடினமன்று. கடலில் செல்லும் கப்பலும் சரக்கும் மூழ்கலாம். மூழ்காமலும் கரை சேரலாம். நூறு கப்பல்களில் எது ஆபத்தில் சிக்கும் என்பதை எவரும் முன்கூட்டியே அறியார். எனவே நூறு உரிமையாளர்களும் சிறு சிறு தொகை செலுத்தி, இழப்புக்குள்ளான ஒருவரைக் கைதூக்கி விடுகின்றனர். கப்பற் காப்புறுதியின் அடிப்படை இதுவே. ஆனால் அதே கப்பல் பயணத்தில் எரிக்கப்போகும் எண்ணெய்க்கு எவரும் காப்புறுதி செய்வதில்லை. அது நிச்சயமான செலவு. நிச்சயமான செலவைக் காப்புறுதி நிறுவனம் ஏற்குமாயின், அச்செலவு முழுவதையும் தனது நிர்வாகச் செலவோடும் இலாபத்தோடும் சேர்த்து எம்மிடமிருந்தே அறவிட வேண்டியிருக்கும்.

பிள்ளையின் பல் கோணலாக முளைத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்த பின்னர், கம்பி கட்டும் செலவு மூழ்கும் கப்பலைப் போன்றதன்று. எண்ணெய்ச் செலவைப் போன்றது. அது வரப்போகின்றது என்பது பெற்றோருக்கும் தெரியும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரியும். ஆகவேதான் உலகெங்கும் காப்புறுதி நிறுவனங்கள் இச்சிகிச்சையைச் சுற்றிப் பல வேலிகளை அமைத்துள்ளன. ஒப்பந்தம் செய்து ஓராண்டு கழியும் வரை கொடுப்பனவு இல்லை என்பது ஒரு வேலி. குறித்த வயதுக்கு மேற்பட்டோருக்கு இல்லை என்பது இன்னொன்று. ஏற்கனவே ஆரம்பிக்கப்பட்ட சிகிச்சைக்கு இல்லை என்பது மூன்றாவது. அழகுக்கான சிகிச்சை எனக் கருதப்படுமாயின் எதுவுமே இல்லை என்பது நான்காவது.

பற்காப்புறுதி பெருமளவில் பரவியுள்ள அமெரிக்காவிற்கூட, பற்சீராக்கலைச் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் பெரும்பாலும் செலவில் பாதியை மட்டுமே ஏற்கின்றன. அதுவும் ஒருவரின் வாழ்நாளுக்கு 1,000 முதல் 2,000 டொலர் வரை என்ற உச்ச வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுவது வழக்கம். பல்லாயிரம் டொலர் செலவாகும் சிகிச்சையில் இது ஒரு பகுதியே. அங்கும் தொழில் வழங்குநர் கட்டணத்தைச் செலுத்தும்போதே இத்திட்டம் குடும்பத்துக்கு இலாபமாகின்றது. தனியாள் ஒருவர் தம் பணத்தில் வாங்கும்போது கணக்கு வேறு விதமாகிவிடுகின்றது.

பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் உள்ள எமது உறவினர் கூறுவது வேறொரு முறைமையைப் பற்றியதாகும். பிரித்தானியாவில் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தேசிய சுகாதார சேவை இச்சிகிச்சையை இலவசமாக வழங்குகின்றது. ஆனால் கேட்டவர் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. 1989இல் வெளியிடப்பட்ட அளவுகோலொன்றின் அடிப்படையில் பல்வரிசைக் குறைபாடு ஐந்து தரங்களாக வகுக்கப்படுகின்றது. நான்காம், ஐந்தாம் தரங்களில் அமையும் கடுமையான குறைபாடுகளுக்கும், மூன்றாம் தரத்தில் தோற்றக் குறைபாடு மிகுந்தவற்றுக்கும் மட்டுமே சிகிச்சை வழங்கப்படுகின்றது. ஜேர்மனியிலும் 2002 முதல் இதையொத்த தரப்படுத்தல் நடைமுறையில் உள்ளது. அங்கு சட்டபூர்வ சுகாதாரக் காப்புறுதியின் கீழ் பெற்றோர் முதலில் 20 சதவீதத்தைச் செலுத்துகின்றனர். சிகிச்சையைப் பிள்ளை ஒழுங்காகப் பூர்த்தி செய்தால் அத்தொகை திருப்பி வழங்கப்படுகின்றது. இவை இரண்டும் சமூகம் முழுவதும் வரியாகவும் சந்தாவாகவும் பங்களிக்கும் ஏற்பாடுகள். கடையில் வாங்கும் காப்புறுதியோடு இவற்றை ஒப்பிட முடியாது.

இலங்கையின் நிலை என்ன? இங்கு விற்கப்படும் பொதுவான மருத்துவக் காப்புறுதிகள் வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சையையே மையமாகக் கொண்டவை. விபத்தினால் ஏற்படும் பற்காயம் தவிர்ந்த பற்சிகிச்சை அவற்றில் விலக்கப்படுவதே வழமை. தனியார் நிறுவனங்கள் தமது ஊழியருக்காக எடுக்கும் கூட்டுக் காப்புறுதிகளில், மூக்குக் கண்ணாடிக்கும் பற்சிகிச்சைக்கும் வருடாந்தம் ஒரு சிறு தொகை ஒதுக்கப்படுவதுண்டு. அத்தொகையும் பல் பிடுங்குதல், பல் அடைத்தல் போன்றவற்றுக்கே பெரும்பாலும் உதவும். கம்பி கட்டுவதை அழகுச் சிகிச்சை எனக் கூறி விலக்கிவிடும் வாசகம் சிறிய எழுத்தில் எங்கோ ஓரிடத்தில் இருக்கக்கூடும்.

அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதி, 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினால் நிர்வகிக்கப்படுகின்றது. மாணவருக்கான சுரக்ஷா காப்புறுதி 2017இல் ஆரம்பிக்கப்பட்டது. இவ்விரண்டும் நோயையும் விபத்தையும் மனதிற் கொண்டு வகுக்கப்பட்டவை. ஈராண்டு காலம் நீளும் பல்வரிசைச் சீராக்கலுக்கென வகுக்கப்பட்டவையல்ல. ஆகவே அரச ஊழியர்கள் தமக்குரிய பிரிவில் எந்தெந்தச் சிகிச்சைக்குக் கொடுப்பனவு உண்டு என்பதைத் தமது அலுவலகத்தின் தாபனக் கிளையில் கேட்டறிந்த பின்னரே நம்பிக்கை வைக்க வேண்டும்.

இனி, கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் உதாரணத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. தனியார் பற்சிகிச்சை நிலையமொன்றில் இரண்டாண்டுச் சிகிச்சைக்கு 250,000 ரூபா செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவக் காப்புறுதியொன்றில் பற்சிகிச்சைக்கென மேலதிகமாக வருடத்துக்கு 8,000 ரூபா கேட்கப்படுகின்றது. முதலாண்டு காத்திருப்புக் காலம். அதன் பின் வருடத்துக்கு 15,000 ரூபாவரை கிடைக்கும். மூன்று ஆண்டுகளில் நாம் செலுத்துவது 24,000 ரூபா. பெறுவது 30,000 ரூபா. மிஞ்சும் இலாபம் 6,000 ரூபா. மொத்தச் செலவில் இது 2.4 சதவீதம் மாத்திரமே. கோரிக்கை அழகுச் சிகிச்சை என நிராகரிக்கப்படுமாயின் 24,000 ரூபாவும் வீண். ஆறாயிரம் ரூபா இலாபத்துக்காக இருபத்துநாலாயிரம் ரூபாவைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமாகுமா? அதே 24,000 ரூபாவைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பிலிட்டால், சிகிச்சை தேவைப்பட்டாலும் தேவைப்படாவிட்டாலும் அது பிள்ளையின் பணமே.

பணத்தின் பெறுமதி பற்றிய இன்னொரு விடயமும் உண்டு. கம்பி, பல்லில் ஒட்டும் சிறு உலோகத் துண்டுகள், ஒட்டுப்பசை ஆகியன பெரும்பாலும் இறக்குமதிப் பொருட்கள். 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவையும் எட்டியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக உயர்ந்தது. இவ்வாறான காலங்களில் சிகிச்சைச் செலவு ஏறும். காப்புறுதி ஒப்பந்தத்தில் ரூபாவில் எழுதப்பட்ட உச்ச வரம்போ ஒப்பந்தம் திருத்தப்படும் வரை அப்படியே நிற்கும். சேமிப்புக்கும் இப்பாதிப்பு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் சேமிப்பை எப்போது, எதற்காக எடுப்பது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கலாம்.

எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இவ்விடயத்தில் மேலும் ஒரு கேள்வி உண்டு. வழமையான வணிகக் காப்புறுதி ஒப்பந்தத்தில் பெரும் நிச்சயமின்மை அடங்கியுள்ளதால் அது ஷரீஆவுக்கு முரணானது என்றும், கூட்டுறவு அடிப்படையிலான காப்புறுதியே அதற்கு மாற்று என்றும் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச பிக்ஹ் சபை 1985இல் ஜித்தாவில் தீர்மானித்தது. அந்த அடிப்படையிலான தகாபுல் முறை இலங்கையிலும் 1999 முதல் அறிமுகமாகியுள்ளது. பங்காளர்கள் பரஸ்பர உதவிக்கென நன்கொடையாக நிதியொன்றில் பணமிட்டு, இழப்புற்றோருக்கு அதிலிருந்து உதவுவதே இதன் சாரம். மார்க்க ரீதியான மனத்தடையை இது நீக்கலாம். ஆனால் மேலே நாம் போட்ட கணக்கை இது மாற்றிவிடாது. தகாபுல் ஒப்பந்தத்திலும் எவை சேர்க்கப்பட்டுள்ளன, எவை விலக்கப்பட்டுள்ளன என்பதையே வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

பற்களை அழகுக்காக மாற்றியமைப்பது மார்க்கத்தில் ஆகுமா என்ற ஐயமும் சிலருக்கு உண்டு. அழகை மட்டும் நாடிப் பற்களுக்கிடையே இடைவெளி ஏற்படுத்துவது கண்டிக்கப்பட்டுள்ளதை அவர்கள் சுட்டிக்காட்டுவர். மெல்லுதலையும் பேச்சையும் பாதிக்கும் குறைபாட்டை, அல்லது வெளிப்படையான அலங்கோலத்தைச் சீராக்குவது சிகிச்சை என்ற வகையில் வேறானது என்பதே இதுபற்றி எழுதிய அறிஞர்கள் பலரது விளக்கம். தேவை வேறு, விருப்பம் வேறு என்ற இந்தப் பகுப்பைத்தான் பிரித்தானியரின் ஐந்து தரங்களும் வேறொரு மொழியில் கூறுகின்றன. பெற்றோர் முதலில் விடை காண வேண்டிய கேள்வியும் இதுவே. பிள்ளையின் பல் தேவைக்குரியதா, விருப்பத்துக்குரியதா என்பதைத் தகுதி பெற்ற பல் வைத்தியர் கூறிய பின்னரே பணத்தைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும்.

தேவைக்குரியதாயின், இந்நாட்டில் அதற்கு இலவச வழியொன்று உண்டு. 1951 முதல் அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை இலங்கை மக்களுக்குக் கிடைத்துள்ளது. அந்த உரிமை பல்லையும் விட்டுவைக்கவில்லை. நியூஸிலாந்து நாட்டின் முன்மாதிரியைத் தழுவி 1950களில் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை இங்கு உருவாகியது. மகரகமவில் பயிற்சி பெறும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் 13 வயது வரையான பிள்ளைகளின் பற்களைப் பரிசோதித்துச் சிகிச்சையளிக்கின்றனர். பற்சீராக்கல் நிபுணர்கள் உள்ள அரச வைத்தியசாலைகளில் கம்பி கட்டும் சிகிச்சையும் வழங்கப்படுகின்றது. பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலையும் கொழும்பிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையும் இவற்றில் முதன்மையானவை. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆகியவற்றுடன் பிறந்த பிள்ளைகளுக்குப் பல் சீராக்கல் அழகு அல்ல, அவசியம் என்பதை இச்சேவை நீண்ட காலமாக ஏற்றுச் செயற்படுகின்றது.

ஆனால் இலவசம் என்பதற்குச் செலவே இல்லை என்று பொருளன்று. முதலாவது செலவு காலம். காத்திருப்போர் பட்டியல் நீண்டது. அத்துடன் பல் வைத்தியத்துறையின் வளங்களைக் கோரி நிற்கும் பெரும் நோய்கள் வேறும் உள்ளன. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தினால் இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முதன்மை இடம் வகிப்பதை நாம் அறிவோம். உயிர் காக்கும் பணிக்கும் கோணல் பல்லுக்கும் ஒரே துறை பொறுப்பாக இருக்கையில், எது பின்னுக்குத் தள்ளப்படும் என்பதைக் கூற வேண்டியதில்லை.

இரண்டாவது செலவு தூரம். திருகோணமலையிலிருந்து கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். கண்டி சுமார் 180 கிலோமீற்றர். கம்பி கட்டிய பிள்ளை நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு தடவை வைத்தியரிடம் செல்ல வேண்டும். சிகிச்சை 18 முதல் 24 மாதங்கள் வரை நீளும். மாதம் ஒரு தடவை என்று கொண்டால் இரண்டாண்டுகளில் 24 பயணங்கள். கொழும்புக்குச் சென்று திரும்பும் தூரத்தைக் கூட்டினால் 12,480 கிலோமீற்றர். கண்டிக்கெனில் 8,640 கிலோமீற்றர். ஒவ்வொரு பயணத்திலும் பிள்ளைக்குப் பாடசாலை நாள் இழப்பு. கூட்டிச் செல்லும் தாய்க்கோ தந்தைக்கோ ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் கூலி இழப்பு. கடலுக்குச் செல்லாத நாளில் கடற்றொழிலாளிக்கு வருமானம் இல்லை. மூதூரிலோ வெருகலிலோ இருந்து வருபவருக்குப் பயணம் மேலும் நீள்கின்றது. இரவுப் புகையிரதத்துக்கான பயணச்சீட்டையும் இழந்த கூலியையும் எந்தக் காப்புறுதி நிறுவனம் திருப்பித் தருகின்றது?

இலவச சுகாதார சேவையின் நீதி இங்குதான் சோதனைக்குள்ளாகின்றது. கொழும்பில் வாழும் பிள்ளை பஸ்ஸில் சென்று அரை நாளில் திரும்பிவிடும். அதே குறைபாடுள்ள கிண்ணியாப் பிள்ளை அதே உரிமைக்காகப் பன்னீராயிரம் கிலோமீற்றர் பயணிக்க வேண்டும். அல்லது தனியாரிடம் பணம் கொடுக்க வேண்டும். அதுவும் இயலாதெனின் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கப் பழக வேண்டும். போர்க்காலத்தில் பாதைகள் மூடப்பட்டிருந்தன. அன்று இதற்குக் காரணம் கூற முடிந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, படகுப் பாதையை நம்பியிருந்த காலம் அங்கு முடிவுற்றது. பாலம் வந்த பாதையால் நிபுணத்துவ சேவையும் நிலையாக வந்து சேர வேண்டும் அல்லவா? நிபுணர் ஒருவர் மாவட்ட வைத்தியசாலைக்கு வரும் காலத்தில் பட்டியல் நகர்வதும், அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது கம்பியோடு நிற்கும் பிள்ளைகள் திகைப்பதும் முறையான சேவையாகாது.

சேவையை நாடுவதற்கு உரிய வயதை அறியாமையும் எமது மக்களிடையே உள்ள ஒரு குறை. பெரும்பாலான பெற்றோர் பல்லின் கோணலைக் கவனிப்பது பிள்ளை பூப்பெய்திய பின்னரே, அல்லது பெண்ணுக்குத் திருமணப் பேச்சு தொடங்கும் வேளையிலேயே. அப்போது சிகிச்சை முடியாததன்று; ஆயினும் எலும்பு வளர்ச்சியின் உதவி கிடைக்கும் காலம் கடந்துவிட்டிருக்கும். ஆறு வயதளவில் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கின்றது. ஏழு வயதில் பல்வரிசையை ஒரு தடவை பரிசோதிப்பது நன்று என நிபுணர்கள் கூறுகின்றனர். பத்து வயதளவில் மேல் வேட்டைப்பல் சரியான பாதையில் இறங்குகின்றதா என்பதை ஈறைத் தடவிப் பார்த்தே பல் வைத்தியர் ஊகித்துவிடுவார். பாதை தவறிய வேட்டைப்பல் அருகிலுள்ள பல்லின் வேரையே அரித்துவிடக்கூடும். காலத்தோடு கண்டால் சிறு தலையீட்டுடன் சீராகக்கூடிய இக்குறை, காலந்தாழ்த்தினால் சத்திரசிகிச்சையில் முடியலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "விழப்போகும் பல்தானே" என்று பாற்பல்லை அலட்சியம் செய்யும் மனப்பாங்கு மாற வேண்டும். பாற்பல் ஒவ்வொன்றும் தனக்குப் பின் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கின்றது. இனிப்பினால் சொத்தையாகி ஐந்து வயதில் பிடுங்கப்படும் பாற் கடைவாய்ப்பல்லின் இடத்தைப் பக்கத்துப் பல் நகர்ந்து அடைத்துக்கொள்ளும். சில ஆண்டுகளின் பின் முளைக்கும் பல்லுக்கு இடமிராது, அது கோணலாகும். கோணற் பற்கள் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று நாம் கூறவில்லை. தாடையின் அமைப்பு பரம்பரையாக வருவதும் உண்டு. ஆனால் தவிர்க்கக்கூடிய கோணல்களைத் தவிர்ப்பதற்கு மலிவான வழி பாற்பல்லைக் காப்பதே. ஃபுளோரைட் கலந்த பற்பசையால் நாளுக்கு இரு தடவை பல் துலக்குவதும், சொத்தையை ஆரம்பத்திலேயே அடைப்பதும், விரல் சூப்பும் பழக்கத்தை நிரந்தரப் பற்கள் முளைக்கு முன் நிறுத்துவதும் தவணைக் கட்டணம் கேட்காத காப்புறுதிகள்.

அவ்வாறாயின் காப்புறுதியே வேண்டாம் என்கின்றோமா? இல்லை. தொழில் வழங்குநர் தமது செலவில் தரும் கூட்டுக் காப்புறுதியில் பற்சீராக்கலுக்கு இடமிருந்தால், அதைப் பயன்படுத்தாமல் விடுவது அறிவீனம். சிகிச்சையை ஆரம்பிப்பதற்கு முன்னரே நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்து மூலம் பெற்றுக்கொள்ள வேண்டும். விபத்து, சத்திரசிகிச்சை, பாரிய நோய் ஆகியவற்றுக்காகக் குடும்பமொன்று மருத்துவக் காப்புறுதி எடுப்பதும் நியாயமானதே. அவைதான் மூழ்கும் கப்பல்கள். அந்தக் காப்புறுதியில் பல்லுக்கும் ஏதேனும் கிடைத்தால் அது மேலதிக நன்மை. பல்லுக்காக அதை வாங்குவதுதான் பிழை.

முகவரிடம் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. பற்சீராக்கல் என்ற சொல் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டோர் பக்கத்தில் உள்ளதா, விலக்கப்பட்டோர் பக்கத்தில் உள்ளதா? காத்திருப்புக் காலம் எவ்வளவு? உச்ச வரம்பு வருடத்துக்கா, முழுச் சிகிச்சைக்குமா? ஏற்கனவே தெரிந்திருக்கும் கோணலை நிறுவனம் ஏற்குமா? பதில்களை வாய்மொழியாக அன்றி எழுத்தில், தமக்குப் புரியும் மொழியில் பெற வேண்டும். வாக்குறுதி மீறப்பட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம் என்பதைப் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

குறுக்கு வழிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியுள்ளது. தாய்லாந்திலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அழகு நிலையங்களிலும் சந்தைகளிலும் தகுதியற்றோர் போலிக் கம்பி கட்டிவிடும் மோகம் பரவி, அந்நாட்டு அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. அமெரிக்காவில் வைத்தியரை நேரில் காணாமலே பல் சீராக்கும் கருவிகளைத் தபாலில் அனுப்பி வந்த ஸ்மைல் டிரெக்ட் கிளப் என்ற நிறுவனம் 2023 டிசெம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவில் நின்றோர் கைவிடப்பட்டனர். முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்துவதன் ஆபத்தை இது உணர்த்துகின்றது. சிகிச்சை அளிப்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியர்தானா என்பதை உறுதி செய்வதும், கட்டணத்தைத் தவணை முறையில் செலுத்துவதும், கம்பி கழற்றப்பட்ட பின் அணிய வேண்டிய ரிட்டெயினர் கருவியின் செலவு அதில் அடங்குமா எனக் கேட்பதும் அவசியம். நுண்கடன் பெற்றுக் கம்பி கட்டும் எண்ணத்தை முற்றாகக் கைவிட வேண்டும். நுண்கடன் வட்டியில் எமது கிழக்கின் பெண்கள் பட்ட துன்பம் போதும்.

பெற்றோர் செய்ய வேண்டியதைக் கூறினோம். அரசு செய்ய வேண்டியது அதனினும் பெரிது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சுகாதாரத்தில் மாகாணங்களுக்குப் பொறுப்பளித்தது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவுற்ற பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படாமையால், இவ்வாறான சிறு தேவைகளை எடுத்துரைக்கும் மன்றமே இல்லாமற் போனது. எனவே மத்திய சுகாதார அமைச்சும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் மூன்று விடயங்களை உடன் கவனத்தில் எடுக்க வேண்டும். மாவட்டத்தின் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் வெற்றிடங்கள் நிலவாதவாறு நியமனங்கள் செய்யப்பட வேண்டும். திருகோணமலையில் பற்சீராக்கல் சேவை நிபுணர் ஒருவரின் இடமாற்றத்தோடு அறுந்து போகாதவாறு நிலையாகவோ, மாதாந்த நடமாடும் சிகிச்சை நாளாகவோ அமைய வேண்டும். காத்திருப்போர் பட்டியல் செல்வாக்கின்படியன்றித் தேவையின் தரப்படி வகுக்கப்பட்டு, ஒவ்வொரு பிள்ளையின் முறையும் எப்போது வரும் என்பது பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

2024 நவம்பரில் பாங்கொக்கில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, வாய் ஆரோக்கியமின்றி ஆரோக்கியம் இல்லை என்பதை முன்வைத்துப் பிரகடனமொன்றை ஏற்றுக்கொண்டது. பிரகடனங்கள் கொழும்பைக் கடந்து சீனக்குடாவையும் மூதூரையும் வந்தடைவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதே எமது கவலை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். கோணற் பல்லினால் வகுப்பறையில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்குப் பல் இருந்தும் சொல் போய்விடுகின்றது. அப்பிள்ளையின் சொல்லை மீட்டுத் தரும் பொறுப்பைக் காப்புறுதி முகவரின் பையில் போட்டுவிட்டு அரசும் சமூகமும் ஒதுங்கிக்கொள்ளலாகாது. ஏழு வயதில் பெற்றோர் பிள்ளையைப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிச் செல்லட்டும். அங்கிருந்து அனுப்பப்படும் பிள்ளைக்குத் தனது சொந்த மாவட்டத்திலேயே சிகிச்சை கிடைப்பதை அரசு உறுதி செய்யட்டும். திருகோணமலையின் பிள்ளைகளுக்கு அதுவே மெய்யான பல்லுக்குறுதி.